ரோனோக் குடியேற்றம்

ரோனோக் குடியேற்றம் என்பது இங்கிலாந்திலிருந்து வந்த ஏறத்தாழ 115 ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் 1587இல் வட அமெரிக்கக் கரையை ஒட்டிய ரோனோக் தீவில் தங்கிய ஊராகும். தீவு இன்றைய வட கரோலைனா மாநிலத்தில் உள்ளது. 1590இல் மீண்டும் கப்பல் வந்தபோது அங்கே ஒருவரும் இல்லை. 'காணாமற்போன குடியேற்றம்' என்ற பெயர் அப்படி வந்தது.

அங்கே குடியேற்றம் அமைக்கும் உரிமையை எலிசபெத் அரசி 1584இல் வால்டர் ராலேவுக்கு அளித்தார். அடுத்த ஆண்டு ரால்ஃப் லேன் தலைமையில் வந்த முதல் குழு, உணவுக்கு உள்ளூர் அல்கோன்கியன் மக்களையே நம்பியிருந்தது. பகை முற்றி, 1586இல் லேனின் ஆட்கள் தலைவர் விங்கினாவைக் கொன்றனர். சில நாளில் ஆங்கிலேயக் கடலோடி டிரேக்கின் கப்பல்களில் ஏறி ஊர் திரும்பினர். அந்தப் பகையின் விலையைக் கொடுத்தவர்கள் பின்னால் வந்த குடும்பங்கள்தாம்.

1587 குழுவின் ஆளுநர் ஓவியர் ஜான் ஒயிட். செசபீக் விரிகுடாவுக்குப் போக வேண்டியவர்களை மாலுமி சைமன் ஃபெர்னாண்டஸ் ரோனோக்கிலேயே இறக்கிவிட்டார். சில நாட்களுக்குள், ஆழமற்ற நீரில் தனியாக நண்டு பிடித்துக்கொண்டிருந்த ஜார்ஜ் ஹோ அம்பெய்து கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 18இல் ஒயிட்டின் பேத்தி வர்ஜீனியா டேர் பிறந்தாள். அமெரிக்க மண்ணில் ஆங்கிலேயப் பெற்றோருக்குப் பிறந்த முதல் குழந்தையாக அறியப்படுபவள் அவளே. ஒன்பது நாள் கழித்து, குடியேறியவர்கள் வற்புறுத்தியதால், ஒயிட் பொருள்கள் வாங்கிவர இங்கிலாந்துக்குப் புறப்பட்டார்.

ஸ்பெயினுடனான போர் அவரை மூன்று ஆண்டு தடுத்துவிட்டது. 1590 ஆகஸ்ட் 18 அன்று, பேத்தியின் மூன்றாம் பிறந்தநாளில், அவர் தீவில் கால் வைத்தார். வீடுகள் பிரித்தெடுக்கப்பட்டிருந்தன. ஊரைச் சுற்றி மரக்கம்ப வேலி. அதன் ஒரு கம்பத்தில் 'குரோட்டோவான்' என்று தெளிவாகச் செதுக்கியிருந்தது. ஒரு மரத்தில் அந்தப் பெயரின் முதல் மூன்று ஆங்கில எழுத்துகள் (CRO) மட்டும். ஊரை விட்டால் போகும் இடத்தைச் செதுக்குவது, ஆபத்து என்றால் மேலே சிலுவைக் குறி இடுவது என்று முன்பே பேசியிருந்தார்கள். சிலுவை எங்கும் இல்லை. அவர் புதைத்து வைத்த பெட்டிகளை மட்டும் யாரோ தோண்டி எடுத்திருந்தார்கள். நூல்கள் கிழிந்தும் கவசம் துருப்பிடித்தும் கிடந்தன.

குரோட்டோவான் என்பது தெற்கே உள்ள இன்றைய ஹாட்டரஸ் தீவு. ஆங்கிலேயருக்கு உற்ற நண்பரான மான்டியோவின் சொந்த ஊர். குடியேறியவர்கள் போன இடத்தை எழுதிவைத்துத்தான் போனார்கள். போய்ப் பார்க்க ஆள் இல்லாமல் போனதே இந்த மர்மத்தின் வேர். புயலில் நங்கூரங்களை இழந்த ஒயிட்டின் கப்பலால் அங்கே செல்ல முடியவில்லை. மகளையும் பேத்தியையும் அவர் பிறகு காணவேயில்லை.

1998இல் வெளியான மர வளைய ஆய்வின்படி, 1587 முதல் 1589 வரை நிலவிய வறட்சி அப்பகுதியில் 800 ஆண்டுகளில் மிகக் கடுமையானது. அந்நிலையில் நூற்றுக்கு மேற்பட்டோருக்கு ஒரே கிராமம் சோறிட்டிருக்க முடியாது. அவர்கள் பிரிந்து போயிருக்கவே வாய்ப்பு அதிகம். ஒயிட் வரைந்த வரைபடத்தில் ஒட்டியிருந்த தாளின் அடியில் கோட்டைக் குறி ஒன்று 2012இல் தெரியவந்தது. அது காட்டும் உள்நாட்டுப் பகுதியில் ஆங்கிலேய மட்பாண்டத் துண்டுகளும் கிடைத்துள்ளன. ஹாட்டரஸ் மக்கள் தம் முன்னோரில் சிலர் வெள்ளையர் என்று சொன்னதை ஜான் லாசன் 1709இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்தார். பழங்குடித் தலைவர் பவ்ஹட்டான் ரோனோக் குடியேறிகளைக் கொன்றதாக, பின்னாளில் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர் எழுதியதற்கு மண்ணில் சான்று கிடைக்கவில்லை.

ரோனோக் தீவின் வடபகுதி ராலே கோட்டை தேசிய வரலாற்றுத் தலமாகப் பாதுகாக்கப்படுகிறது. 1587இல் வீடுகள் நின்ற இடம் இன்னும் உறுதியாகக் கண்டறியப்படவில்லை.