பசுமைப் புத்தாக்கத்தில் தலைமையின் பங்கு: ஓசூர்–கிருஷ்ணகிரி

தண்ணீர், மின்சாரம், மூலப்பொருள் ஆகியவை வீணாவதைத் தடுக்கும் வழிகளைத் தொழிலாளர்களே கண்டுபிடிக்கவும் செய்துபார்க்கவும் நிர்வாகம் இடம் கொடுப்பதே பசுமைப் புத்தாக்கத்தில் தலைமையின் வேலை. கர்நாடக எல்லையோரமான ஓசூருக்கு இது சுற்றுச்சூழல் பேச்சாக வரவில்லை. தரக் கட்டுப்பாட்டின் வழியே வந்து சேர்ந்தது.

1980இல் டிவிஎஸ் 50 மொபெட் ஓசூரிலிருந்து வெளிவந்தது. பின்னாளில் வேணு சீனிவாசன் தலைமையிலான டிவிஎஸ் நிறுவனங்கள் ஜப்பானியத் தர முறைகளைக் கைக்கொண்டன. அவற்றில் 1998இல் சுந்தரம் கிளேட்டனும் 2002இல் டிவிஎஸ் மோட்டாரும் தரத்துக்கான டெமிங் பரிசு பெற்றன. அம்முறைகளின் உயிர்நாடி கைசன்: அன்றாட வேலையில் கண்ட குறையை, அந்த வேலையைச் செய்பவரே சிறுகச் சிறுகத் திருத்துவது.

உதாரணமாக, சாப்பாட்டு வேளையில் உற்பத்தி லைன் நின்ற பிறகும் காற்றுக் குழாயில் 'உஸ்' என்ற சத்தம் கேட்டால், கம்ப்ரஸர் வெட்டியாக மின்சாரம் தின்கிறது என்று அர்த்தம். அது மெஷின் பக்கத்தில் நிற்பவர் காதில்தான் விழும். மேனேஜர் அறைவரை எட்டாது. பெயின்ட் ஷாப்பிலும் அப்படித்தான். ஒரே நிறப் பாகங்களை அடுத்தடுத்து அனுப்பினால், நிறம் மாற்றும்போது குழாய் கழுவும் தின்னர் மிச்சமாகும்.

இதையெல்லாம் சொல்ல வைப்பது யார்? ஐரோப்பிய நிறுவனங்களில் கேத்தரின் ராமுஸ், உல்ரிச் ஸ்டெகர் இருவரும் நடத்தி 2000இல் வெளியிட்ட ஆய்வு, ஊழியர்கள் சுற்றுச்சூழல் யோசனைகளை முன்வைப்பதற்கு நிறுவனத்தின் சுற்றுச்சூழல் கொள்கையோடு நேரடி மேலாளரின் ஊக்குவிப்பையும் காரணமாகக் காட்டியது. சுவரில் மாட்டிய கொள்கை அறிக்கை மட்டும் போதாது. சூப்பர்வைசர் காது கொடுக்க வேண்டும். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் 1975லேயே, மாசைத் தோன்றும் இடத்திலேயே தடுக்கும் திட்டங்களை ஊழியர்களிடமிருந்து வரவேற்கத் தொடங்கியிருந்தது.

மேலிருந்து எடுக்க வேண்டிய முடிவுகளும் உண்டு. மின்சார ஸ்கூட்டரில் 2008இலேயே இறங்கிய டிவிஎஸ், 2020இல் ஐக்யூப்புடன் மீண்டும் வந்தது. 2021இல் ஏத்தர் நிறுவனமும் ஓசூரில் மின்சார ஸ்கூட்டர் உற்பத்தியைத் தொடங்கியது. அதே ஆண்டு ஓலா, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில் உள்ள தன் மின்சார ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என அறிவித்தது. ஆனால் வண்டி பசுமையானது என்பதாலேயே அதைச் செய்யும் ஆலையும் பசுமையாகிவிடாது. பெயின்ட், கம்ப்ரஸர், கழிவுநீர் எல்லாம் அங்கேயும் உண்டு.

தொழிலாளரின் யோசனைக்கு எல்லையும் இருக்கிறது. ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் தென்பெண்ணை ஆறு நுரைத்து வருவதற்குப் பெங்களூருப் பக்கத்துக் கழிவுநீர் முக்கியக் காரணம். அதை ஓசூர் ஆலையின் ஆலோசனைப் பெட்டி தீர்க்க முடியாது. ஆலைக்குள்ளும் ஒரு சிக்கல். ஒப்பந்தத் தொழிலாளர், பயிற்சியாளர் பலர் குறுகிய காலத்திலேயே மாறிவிடுகிறார்கள். ஒரு மெஷினின் குறை பிடிபடுவதற்குள் அவர்களின் ஒப்பந்தம் முடிந்துவிடுகிறது.