முணுமுணுப்புக்கு ஒரு முகவரி

நம் திரைப்படக் கழகத்தின் இவ்வாண்டு விழாவில் ஒரு நாள் முழுவதும் அமெரிக்காவின் 'மம்பிள்கோர்', அதாவது முணுமுணுப்புப் படங்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. உறுப்பினர்களுக்கு அதன் பூர்வீகத்தைச் சொல்லிவைப்பது நல்லது.

2002இல் ஆண்ட்ரூ புஜால்ஸ்கி, பாஸ்டனில் 16 மி.மீ. ஃபிலிமில் 'ஃபன்னி ஹா ஹா'வை எடுத்தார். கல்லூரி முடித்த மார்னிக்கு நிலையான வேலை இல்லை. அவள் மனம்வைத்தவன் வேறொருத்தியை மணந்துகொள்கிறான். கதை இவ்வளவுதான். நடித்தவர்கள் பெரும்பாலும் நண்பர்கள்.

அதே காலத்தில் ஜே, மார்க் டுப்ளாஸ் சகோதரர்கள் பெற்றோரின் வீடியோ கேமராவில் ஒரு குறும்படம் எடுத்தார்கள். தொலைபேசிப் பதிவுக்கருவியில் ஒருவன் தன் வரவேற்புச் செய்தியைப் பதிய முயல்கிறான். ஒவ்வொரு தடவையும் ஏதோ பிசகுகிறது. அழித்துவிட்டு மறுபடி பேசுகிறான்; கடைசியில் உடைந்தே போகிறான். ஜே படம்பிடிக்க, மார்க் நடித்தார். செலவு 3 டாலர். 'திஸ் இஸ் ஜான்' என்ற அந்தப் படத்தை 2003 சன்டான்ஸ் விழா ஏற்றுக்கொண்டது.

டென்மார்க்கின் 'டாக்மே 95' திரைப்பட இயக்கத்துக்குப் பிரகடனம் இருந்தது. இவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை; கிடைத்தது ஒரு விழாவின் முகவரிதான். டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில் நடக்கும் 'சவுத் பை சவுத்வெஸ்ட்' விழாவில், மாட் டென்ட்லர் பொறுப்பிலிருந்த 2005ஆம் ஆண்டில், புஜால்ஸ்கியின் 'மியூச்சுவல் அப்ரிஸியேஷன்', டுப்ளாஸ் சகோதரர்களின் 'த பஃபி சேர்', ஜோ ஸ்வான்பெர்கின் 'கிஸ்ஸிங் ஆன் த மவுத்' மூன்றும் திரையிடப்பட்டன. தனித்தனி ஊர்களில் கைக்காசில் படமெடுத்தவர்கள் ஒருவரையொருவர் அடையாளம் கண்டது அங்கேதான். புஜால்ஸ்கியின் ஒலிக் கலைஞர் எரிக் மசுனாகா ஓர் இரவு மதுக்கூடத்தில் கேலியாகச் சொன்ன பெயர்தான் 'மம்பிள்கோர்'. இயக்குநர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் ஒட்டிக்கொண்டது.

2007இல் வந்த ஸ்வான்பெர்கின் 'ஹன்னா டேக்ஸ் த ஸ்டேர்ஸ்' கூட்டுக் குடித்தனமாகவே உருவானது. நடிகர்கள் சிகாகோவில் ஒரே வீட்டில் தங்கி, வசனங்களைப் பேசிப்பேசியே உண்டாக்கினார்கள். நாயகி கிரேட்டா கெர்விக். புஜால்ஸ்கியும் மார்க் டுப்ளாஸும் உடன் நடித்தார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க்கின் ஐ.எஃப்.சி. சென்டர் இவர்களின் படங்களைத் தனி வரிசையாகத் திரையிட்டது.

படித்த வெள்ளை இளைஞர்களின் சொந்தப் புலம்பல் என்ற குறை இந்தப் படங்கள்மீது உண்டு, அது நியாயமானதும்கூட. அந்த வட்டத்தைத் தாண்டி, 2008இல் இயக்குநர் பாரி ஜென்கின்ஸ் 'மெடிசின் ஃபார் மெலன்கலி'யில் சான் பிரான்சிஸ்கோவின் இரு கறுப்பின இளைஞர்களை ஒரு நாள் முழுக்க நடக்கவிட்டு, காதலோடு சேர்த்து, கறுப்பின மக்கள் அந்நகரைவிட்டு வெளியேற்றப்படுவதையும் பேசவைத்தார். பின்னாளில் அவரது 'மூன்லைட்' சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. கெர்விக் 2023இல் 'பார்பி'யை இயக்கினார்.

உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வசனம் சரியாகக் கேட்கவில்லை என்று ப்ரொஜெக்டர் அறைப் பக்கம் திரும்ப வேண்டாம். சொல்ல வந்தது என்னவென்று பேசுகிறவருக்கே இன்னும் பிடிபடவில்லை.