இரண்டரை அடிப் பாதை போன வழி

அரூர்க்காரர்கள் ரயிலேற இன்றும் மொரப்பூருக்குத்தான் போகிறார்கள். சென்னை–சேலம் பெரிய லைன் அது. அதே மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு ஒரு குட்டி ரயிலும் ஓடியது என்றால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அதன் கதை தாது வருஷப் பஞ்சத்தில் தொடங்குகிறது.

1876–78 பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடிவிட்டுப் போனது. 1880-ல் பஞ்சக் கமிஷன், தானியத்தைச் சீக்கிரம் கொண்டுசேர்க்க ரயில் போடுங்கள் என்றது. மழை பொய்த்த சீமையில் வருமானம் வராது. எனவே பாதை மலிவாக இருக்க வேண்டும். தண்டவாளங்களுக்கு நடுவே ஐந்தரை அடி விடுவதற்குப் பதில் இரண்டரை அடி போதாதா?

போதும் என்று அடித்துச் சொன்னவர் எவரார்டு கால்த்ராப் என்ற ஆங்கிலேய இன்ஜினியர். 1897-ல் மகாராஷ்டிரத்தின் பார்சி ஊருக்கு இரண்டரை அடியில் ஒரு லைன் போட்டு ஓட்டியும் காட்டினார். எந்த அச்சிலும் ஐந்து டன்னுக்கு மேல் பாரம் ஏறாதபடி வண்டிகளை அமைத்ததுதான் சூட்சுமம். லேசான தண்டவாளமே தாங்கியது.  

வழக்கமாக இங்கிலாந்தைப் பார்த்து நாம் காப்பியடிப்போம். இந்த முறை கப்பல் எதிர்த்திசையில் போனது. பார்சி அனுபவத்தை மூட்டை கட்டிக்கொண்டு போய், ஸ்டாஃபோர்டுஷயரின் மேனிஃபோல்டு பள்ளத்தாக்கில் 1904-ல் அதே இரண்டரை அடி லைனைப் போட்டார் கால்த்ராப். இந்தியப் பாணி இன்ஜின், அதன் நெற்றியில் பெரிய விளக்கு. பால் கேன்களையும் ஞாயிற்றுக்கிழமை உல்லாசிகளையும் ஏற்றிக்கொண்டு அது ஓடியது.

இங்கே நம் பக்கம் 1906-ல் மொரப்பூர்–தர்மபுரி லைன் திறந்தது. அகலம் அதே இரண்டரை அடி. 1913-ல் ஓசூர் வரை நீண்டது.

பிறகு வந்தன பஸ்ஸும் லாரியும். மேனிஃபோல்டு லைன் 1934-ல் படுத்துவிட்டது. தண்டவாளத்தைக் கழற்றிய பின், வெறும் தடத்தை ரயில் கம்பெனி மாவட்டக் கவுன்சிலுக்குக் கொடுத்துவிட்டது. கவுன்சில் அதைச் செப்பனிட்டு 1937-ல் நடைபாதையாகத் திறந்தது. ரயில் ஏறக்கூடிய சரிவு மனிதனுக்குச் சரிவே அல்ல. தாத்தாவும் பேத்தியும் மூச்சு வாங்காமல் நடக்கலாம். பழைய ரயில் தடங்களை நடைபாதையாக்கும் வழக்கத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று அது. அதன் பாட்டி வீடு பார்சி என்று நாம் உரிமை கொண்டாடுவதில் தப்பில்லை.

நம் குட்டி ரயிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டாம் உலகப்போர் இரும்பு கேட்டது. 1941-ல் வண்டியை நிறுத்தித் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள்.

தடத்தை நடைபாதையாக்கும் யோசனை அமெரிக்காவிலும் எழுந்தது. 1963-ல் மே தைல்கார்டு வாட்ஸ் என்ற இயற்கை ஆர்வலர் சிகாகோ பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்: கைவிட்ட ரயில் தடத்தை நடக்க விடுங்கள். அந்தக் கடிதத்திலிருந்து இல்லினாய் பிரெய்ரி பாதை பிறந்தது. 1983-ல் இன்னும் கெட்டிக்காரத்தனமான ஒரு சட்டம் வந்தது: தடத்தில் இப்போதைக்கு நடக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், நாளை ரயில் தேவைப்பட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். வழி துண்டு துண்டாக விலைபோகாமல் முழுசாகக் காத்துக்கிடக்கும்.

தமிழர் வேர்வை ஊறிய தடம் ஒன்றும் இந்த வரிசையில் உண்டு. மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களிலும் பராமரித்தவர்களிலும் நம்மவர்கள் ஏராளம். சிங்கப்பூரின் தஞ்சோங் பகாருக்கு வந்த கடைசி ரயில் 2011 ஜூன் 30-ல் புறப்பட்டுப் போனது. அது ஓடிய 24 கிலோமீட்டர் தடத்தில் பெரும்பகுதி இன்று பசுமை நடைவழி. இரும்புப் பாலங்களைக்கூட விட்டுவைத்திருக்கிறார்கள்.

மொரப்பூர்–தர்மபுரிக்கு வருவோம். 36 கிலோமீட்டர் புதிய லைனுக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். இம்முறை அகலம் ஐந்தரை அடி. ஆனால் பழைய தடம் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அதற்குள் சாலையும் வீடும் வயலும் வந்துவிட்டன. ஒரு காலத்தில் ரயிலுக்கே சொந்தமாக இருந்த வழிக்காக, இப்போது மறுபடியும் நிலம் எடுக்க வேண்டியிருக்கிறது.