மலிவு வண்டியும் மனித உயிரும்

மாதச் சம்பளக்காரர் ஒருவர் தம் குடும்பத்திற்கென ஒரு கார் வாங்க நினைத்தால் அவர் முன் மூன்று கேள்விகள் எழுகின்றன. விலை கைக்கு எட்டுமா? பெட்ரோல் செலவு கட்டுப்படியாகுமா? மனைவி மக்களை ஏற்றிச் சென்றால் பத்திரமாக வீடு திரும்பலாமா? இன்று இம்மூன்றையும் ஒருங்கே கேட்கிறோம். ஆனால் மோட்டார் வண்டியின் வரலாற்றை நோக்கினால், இவை மூன்றும் ஒரே காலத்தில் பிறந்த கேள்விகள் அல்ல என்பது புலனாகும். விலையைப் பற்றிய கவலை முதலில் பிறந்தது. எண்ணெயைப் பற்றிய கவலை பின்னர் வந்தது. உயிரைப் பற்றிய கவலையோ எல்லாவற்றிற்கும் கடைசியாகவே வந்து சேர்ந்தது. இவ்வரிசை ஏன் இப்படி அமைந்தது என்பதை ஆராய்வது வண்டி வாங்குவோர்க்கும் பயன் தருவதாகும்.

விலை இறங்கிய வரலாறு

தொடக்கத்தில் மோட்டார் வண்டி செல்வர் வீட்டு விளையாட்டுப் பொருளாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியவர் அமெரிக்கரான ஹென்றி ஃபோர்டு ஆவார். 1908ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட ‘மாடல் டி’ வண்டியின் விலை ஏறத்தாழ 850 டாலர். 1913இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் அவர் ஒரு புதுமுறையைப் புகுத்தினார். அதுவரை தொழிலாளி வண்டி நின்ற இடத்திற்குப் போய் வேலை செய்தான். அதன் பின்னர் வண்டி தொழிலாளி நின்ற இடத்திற்கு நகர்ந்து வந்தது. அடிச்சட்டம் ஒன்றைப் பூட்டி முடிக்கப் பன்னிரண்டரை மணி நேரம் பிடித்தது போய், ஒன்றரை மணி நேரமே போதும் என்றாயிற்று. 1920களின் நடுவில் விலை 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927இல் உற்பத்தி நிறுத்தப்படுவதற்குள் 1 கோடியே 50 லட்சம் வண்டிகள் வெளிவந்துவிட்டன.

மலிவு வண்டி மீது எளிய மக்களுக்கிருந்த ஆசையை ஓர் ஆட்சி ஏய்த்துப் பிழைத்த கதையும் உண்டு. 1938இல் ஜெர்மனியின் நாஜி அரசு, 990 மார்க் விலையில் மக்கள் வண்டி ஒன்றைத் தருவதாக அறிவித்தது. வாரம் 5 மார்க் கொடுத்து முத்திரை வாங்கி அட்டையில் ஒட்டி வர வேண்டும். அட்டை நிறைந்தால் வண்டி கிடைக்கும் என்றார்கள். மூன்று லட்சத்திற்கும் மேற்பட்டோர் வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்தனர். 1939இல் போர் மூண்டது. ஆலை படைக்கலத் தொழிலுக்குத் திரும்பியது. பணம் கட்டியவருள் ஒருவருக்கேனும் அத்திட்டத்தின்படி வண்டி கிடைக்கவில்லை. போர் முடிந்தபின் ஆங்கிலேய அதிகாரிகளின் மேற்பார்வையில்தான் அவ்வாலை மீண்டும் உயிர் பெற்றது. அங்கே உருவான ஃபோக்ஸ்வேகன் ‘வண்டு’, 1972இல் ‘மாடல் டி’யின் எண்ணிக்கையையும் முந்தியது.

எண்ணெய் கற்பித்த பாடம்

1956ஆம் ஆண்டு ஜூலை மாதம் எகிப்தின் தலைவர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். அவ்வாண்டின் இறுதியில் மூண்ட போரினால் கால்வாய் அடைபட்டது. எண்ணெய்க் கப்பல்கள் வர வழியின்றி, டிசம்பர் மாதம் முதல் பிரிட்டனில் பெட்ரோல் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனியிலிருந்து வந்த மிகச் சிறிய ‘குமிழி’ வண்டிகளை மக்கள் நாடத் தொடங்கினர்.

அப்போது பிரிட்டிஷ் மோட்டார் நிறுவனத்தின் தலைவராயிருந்த லெனர்ட் லார்ட், அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளரிடம் நான்கு பேர் வசதியாக அமரத்தக்க சிறு வண்டியொன்றைப் படைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். இசிகோனிஸ் இயந்திரத்தைக் குறுக்குவாட்டில் திருப்பி வைத்தார். அதன் அடியிலேயே கியர்ப் பெட்டியையும் அமைத்தார். சக்கரங்களைப் பத்து அங்குலமாகக் குறைத்தார். இவ்வாறு பத்தடி நீளத்திற்குள் ஒரு குடும்பத்திற்கு இடம் பிறந்தது. 1959 ஆகஸ்டு 26ஆம் நாள் வெளிவந்த இந்த ‘மினி’ வண்டியே, பிற்காலத்தில் உலகெங்கும் தோன்றிய சிறு கார்களுக்கு வழிகாட்டியாயிற்று.

1973இல் அரபு நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தபோது அதே பாடம் மீண்டும் கற்பிக்கப்பட்டது. பீப்பாய் ஒன்று 3 டாலர் அளவில் விற்ற எண்ணெய், சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. பெரிய வண்டிகளில் பெருமை கொண்டிருந்த அமெரிக்காவே, 1975இல் புதுக் கார்களின் எரிபொருள் சிக்கனத்திற்குச் சட்டம் இயற்றியது. ஜப்பானியரின் சிறு கார்கள் அந்நாட்டுச் சந்தையில் ஆழக் கால் ஊன்றின.

உயிர் கடைசியில் வந்தது ஏன்?

விலை கண்ணுக்குத் தெரியும். பெட்ரோல் செலவு மாதக் கடைசியில் தெரியும். ஆனால் வண்டியின் உறுதி, விபத்து நேரும் அந்த ஒரு கணத்தில்தான் தெரியும். ஆகவே வாங்குவோர் அதனைக் கேட்கவில்லை. கேட்காத பொருளுக்கு விற்போரும் செலவு செய்யவில்லை. உயிர்க் காப்பு பின்தங்கியதற்குத் தலையாய காரணம் இதுவே எனலாம்.

அறிவு இல்லாமலிருந்ததா என்றால், அப்படியும் கூற முடியாது. ‘மினி’ வெளிவந்த அதே 1959ஆம் ஆண்டில்தான், சுவீடனின் வால்வோ நிறுவனத்தில் பணியாற்றிய நில்ஸ் போலின் அமைத்த மும்முனை இருக்கை வார் விற்பனைக் கார்களில் இடம்பெற்றது. மார்பையும் இடுப்பையும் ஒருசேரத் தாங்கும் அந்த வாரின் உரிமையை வால்வோ தனக்கென்று பூட்டி வைக்காமல் பிற நிறுவனங்களும் பயன்படுத்த விட்டது. வண்டியின் முன்பகுதியும் பின்பகுதியும் நசுங்கி அதிர்ச்சியை ஏற்க, நடுக்கூடு உருக்குலையாது நிற்க வேண்டும் என்னும் கருத்தைப் பேலா பாரெனி என்பார் ஜெர்மனியில் முன்னரே வகுத்திருந்தார். எனினும் இவையெல்லாம் மலிவு வண்டிகளை எட்டப் பல்லாண்டுகள் ஆயின. 1965இல் ரால்ஃப் நாடர் எழுதிய நூலொன்று அமெரிக்க மோட்டார் தொழிலின் போக்கைக் கடுமையாகச் சாடியது. அது மூட்டிய கிளர்ச்சியின் பின்னரே, 1966இல் அந்நாட்டில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. வார் அணிவதைக் கட்டாயமாக்கிய முதற்பெருமை ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தைச் சாரும். அது 1970இல் நிகழ்ந்தது.

ஒரு சோதனை சொன்ன தீர்ப்பு

1997ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஐரோப்பாவில் ஒரு புதுமை நிகழ்ந்தது. யூரோ என்கேப் என்னும் அமைப்பு, ஏழு சிறு கார்களை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பின் மீது மோதவிட்டு, முடிவை எல்லோரும் அறிய வெளியிட்டது. ஃபோர்டு ஃபியஸ்டாவும் ஃபோக்ஸ்வேகன் போலோவும் மூன்று நட்சத்திரங்கள் பெற்றன. ரோவர் 100 ஒரே ஒரு நட்சத்திரம் பெற்றது. ‘மினி’க்கு இளவலாக 1980இல் வந்த ‘மெட்ரோ’வே பெயர் மாறி ரோவர் 100 ஆயிற்று என்பது கருதத்தக்கது. சிக்கனத்தில் சிறந்த அந்த வண்டியின் உற்பத்தி அவ்வாண்டிலேயே முடிவுற்றது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? கனமான வண்டியோடு மோதும்போது இலேசான வண்டியே மிகுதியாகத் துன்புறும் என்பது இயற்பியல் விதி. அதனை மறுக்க இயலாது. ஆயினும் ஒரே அளவுடைய சிறு கார்களுக்குள்ளேயே இத்துணை வேறுபாடு இருந்ததென்றால், குறை சிறுமையில் இல்லை, கட்டமைப்பில்தான் இருந்தது. சிக்கனமும் உறுதியும் ஒரே வண்டியில் கூடி வாழ முடியும் என்பதைப் பின்வந்த வண்டிகள் மெய்ப்பித்தன.

நம் நாட்டில்

மலேசியாவில் 1985 ஜூலையில் புரோட்டோன் சாகாவும், 1994இல் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்தன. மோட்டார் சைக்கிளில் பிள்ளைகளை முன்னும் பின்னும் ஏற்றிச் சென்ற எத்தனையோ குடும்பங்களுக்கு 660 சி.சி. கஞ்சில் மழைக்கு ஒரு கூரையாயிற்று. சட்டமும் படிப்படியாக வளர்ந்தது. முன் இருக்கை வார் 1979இலும், பின் இருக்கை வார் 2009இலும், குழந்தை இருக்கை 2020இலும் கட்டாயமாயின. முன்னிருப்பவர்க்கும் பின்னிருப்பவர்க்கும் இடையே முப்பதாண்டு இடைவெளி! பின்னால் அமர்பவர் பெரும்பாலும் குழந்தைகளும் முதியோருமே என்பதை நினைக்க நெஞ்சம் கனக்கிறது. 2013இல் ஆசியான் என்கேப் தன் முதற்சோதனை முடிவுகளை வெளியிட்டது. அதன் பயனாக, நம் வட்டாரத்துச் சந்தையில் விற்கும் கார்களின் உறுதியையும் சாதாரண மக்கள் அறிய வழி பிறந்தது.

வாங்குவோர் கருத வேண்டுவன

ஆகவே குடும்பத் தலைவர் விலைப்பட்டியலோடு நின்றுவிடலாகாது. சோதனையில் பெற்ற நட்சத்திரம் எத்தனை, அது எந்த ஆண்டின் சோதனை என்று கேட்க வேண்டும். அளவுகோல் ஆண்டுக்காண்டு கடுமையாகி வருவதால் பழைய ஐந்தும் புதிய ஐந்தும் ஒன்றாகா. ஒரே பெயருடைய காரிலும் விலை குறைந்த வகையில் காற்றுப் பைகள் குறைவாக இருக்கக்கூடும். அதனையும் விசாரிக்க வேண்டும். பழைய வண்டி வாங்குவோர், வார்கள் பழுதின்றி இறுகப் பிடிக்கின்றனவா என்று ஒவ்வோர் இருக்கையிலும் இழுத்துப் பார்ப்பது நலம். டயரில் காற்றைச் சரியாக வைத்து, வேகத்தை மட்டுப்படுத்தினால் பெட்ரோலும் மிச்சமாகும், உயிரும் காக்கப்படும்.

விலை குறைய ஒரு தொழிலதிபரின் திறமை போதுமானதாயிற்று. எண்ணெய் குறைய ஒரு கால்வாய் அடைபட வேண்டியிருந்தது. உயிர்க் காப்புக்கோ சட்டமும் பொதுச் சோதனையும் வேண்டியிருந்தன. இவ்விரண்டும் மக்கள் கேட்டதனால் வந்தவை. கடைக்குச் செல்லும் நாமும் அக்கேள்வியை முதற்கேள்வியாகக் கேட்போமாக.