ரப்பருக்கும் வயசாகும்!

பழைய பொருள் சேர்க்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். பித்தளைச் செம்பு தொல்லை தராது. புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும். அழவைப்பது ரப்பர்தான்!

மேனாம்பேட்டுக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. 1949-ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், பக்கத்து அம்பத்தூரில்தான் சைக்கிள் செய்தது. 1959-ல் டன்லப் டயர் ஆலையும் அங்கே வந்தது. அந்தப் பக்கம் திருவொற்றியூரில், 1946-ல் பலூன் செய்ய ஆரம்பித்த சின்னக் கொட்டகைதான் பின்னாளில் எம்.ஆர்.எஃப். ஆனது. இந்த வட்டாரத்துச் சரித்திரத்தில் பாதி ரப்பரில் எழுதியது! டன்லப்பில் டயர் உற்பத்தி நின்று பல வருஷமாச்சு. மிச்சமிருக்கும் சாட்சிகள் பரணில் கிடக்கும் டயரும், 'பாம் பாம்' ஹாரனும்தான்.

சாட்சிகள் ஏன் கலைகின்றன?

1823-ல் ஸ்காட்லாந்துக்காரர் சார்லஸ் மெக்கின்டாஷ், ரப்பர் பூசிய மழைத்துணிக்குக் காப்புரிமை வாங்கினார். மழைக்கு ஜோர். வெயிலில் பிசுபிசுப்பு, குளிரில் விறைப்பு. 1839-ல் அமெரிக்கர் சார்லஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடேற்றினால் ரப்பர் உறுதியாகும் என்று கண்டுபிடித்தார். ரப்பரின் நீள இழைகளுக்கு நடுவே கந்தகம் பாலம் போட்டுவிடுகிறது.

வெயிலை ஜெயித்தாச்சு. காற்றை? அதுதான் நடக்கவில்லை. ஆக்சிஜன் உள்ளே புகுந்து இழைகளைக் கெடுக்கும். சில ரப்பர் ஒட்டும், சில அப்பளமாக நொறுங்கும். ஓசோன், இழுபட்ட இடமாகப் பார்த்து வெடிப்பு விடும். வெளிச்சமும் வெக்கையும் கூட்டாளிகள். செம்பு பட்டால் இன்னும் வேகம்.

என்ன செய்யலாம்? ஓட்டுக்கூரைப் பரணிலிருந்து முதலில் கீழே இறக்குங்கள். இருட்டான, குளுமையான இடம் உத்தமம். மடிக்காதீர்கள், இழுத்துக் கட்டாதீர்கள், ஆணியில் மாட்டாதீர்கள். தேங்காய் எண்ணெய் வைத்தியம் வேண்டவே வேண்டாம். ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதிவிடும். மோட்டார் ஓடும் இடம் ஆகாது. பொறி பறந்தால் ஓசோன் பிறக்கும். அப்பா வாங்கிய வெள்ளிப் பதக்கத்தையும் தள்ளியே வையுங்கள். ரப்பரிலிருந்து கசியும் கந்தக ஆவி அதைக் கறுக்க வைத்துவிடும். மியூசியங்களில், ஆக்சிஜனை உறிஞ்சும் பொட்டலத்தோடு சேர்த்து, காற்றுப் புகாத உறையில் வைத்து மூடுகிறார்கள்.

இத்தனை செய்தாலும் சாவைத் தள்ளிப்போடலாம், அவ்வளவுதான். போன வெடிப்பு திரும்பக் கூடாது. அதனால் இன்றே ஒரு போட்டோ எடுங்கள். இந்த டயரை எந்த ஷிஃப்ட்டில், யார் வார்த்தார் என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு எழுதி வையுங்கள்.

ரப்பர் காத்திருக்காது. பெரியவரும்தான்!