கோலி சோடாவிலிருந்து பொவண்டோ வரை

தஞ்சை வட்டாரத்தில் விருந்தாளி வந்தால் "சோடாவா, கலரா?" என்று கேட்பது நெடுநாள் வழக்கம். இந்தக் 'கலர்' நம் ஊருக்கு எப்படி வந்தது?

1767-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, மது வடிக்கும் ஆலையின் நொதிக்கும் தொட்டிக்கு மேலே நீரைப் பிடித்து, அதில் கரியமில வாயுவைக் கரைத்தார். 1783-இல் ஜெனீவாவில் ஜேக்கப் ஷ்வெப் இதைத் தொழிலாக்கினார். அழுத்தம் கூடினால் நீரில் கரையும் வாயுவின் அளவும் அதே விகிதத்தில் கூடும் என்பதை 1803-இல் வில்லியம் ஹென்றி கண்டறிந்தார். சோடாத் தொழிலின் அடிப்படை விதி இதுவே.

ஆனால் அழுத்தத்தைப் புட்டிக்குள் அடக்குவது எப்படி? ஹைரம் காட் 1870-களில் இதற்கு வழி கண்டார். புட்டியின் கழுத்தில் ஒரு கண்ணாடிக் கோலி. வாயில் ஒரு ரப்பர் வளையம். உள்ளே அடைபட்ட வாயுவே கோலியை மேலே தள்ளி வளையத்தோடு அழுத்தி மூடிவிடும். சிறைப்பட்டவனே கதவைத் தாழிடுவது போன்ற வேடிக்கை இது!

1916-இல் விருதுநகரில் பழனியப்பன் என்பவர் காளி மார்க் நிறுவனத்தைத் தொடங்கினார். 1950-களின் இறுதியில் அது திராட்சைச் சுவையுள்ள பொவண்டோவை அறிமுகப்படுத்தியது. கும்பகோணம், மன்னார்குடி கடைகளிலும் அது பழகிய பெயராயிற்று.

1977-இல் கோகோ கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. 1993-இல் திரும்பி வந்து, பார்லே நிறுவனத்தின் தம்ஸ் அப், லிம்கா, கோல்ட் ஸ்பாட் ஆகியவற்றை வாங்கியது. அந்த அலையில் பல உள்ளூர்ப் பானங்கள் மறைந்தன. காளி மார்க் நிலைத்தது. 2017 ஜனவரியில் சல்லிக்கட்டுப் போராட்டம் நடந்தது. அதையடுத்து மார்ச் 1 முதல் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, பொவண்டோவுக்குத் தேவை பெருகியது.

இத்தொழிலின் மற்றொரு எதிரி வெயில். சாதாரண வாயுமண்டல அழுத்தத்தில் ஒரு லிட்டர் நீர் 0 டிகிரி செல்சியசில் சுமார் 1.7 லிட்டர் கரியமில வாயுவைக் கரைக்கும்; 30 டிகிரியில் அதில் பாதிகூட இல்லை. எனவே சித்திரை வெயிலில் திறந்த புட்டி சீறிப் பொங்கி, விரைவில் சப்பென்று ஆகிவிடுகிறது. குளிரவைப்பது நாவின் இன்பத்துக்கு மட்டுமன்று, வாயுவைக் காக்கவும்தான். ஐஸ் பெட்டி வைக்க வசதியில்லாத உள்ளூர்த் தயாரிப்பாளர் பின்தங்கியதற்கு விளம்பரத்தோடு இந்த இயற்பியலும் ஒரு காரணம் எனலாம்.

குளிர்ந்த புட்டி ஒன்றையும் குளிராத புட்டி ஒன்றையும் ஒரே நேரத்தில் திறந்து பாருங்கள். ஹென்றியின் விதியும் வெப்பத்தின் விளைவும் கண்முன் தெரியும்.