செல்லுவதும் செல்லாததும்

ஆங்கிலத்தில் 'இன்வாலிடேட்' என்றொரு வினைச்சொல் உண்டு. அதற்குத் தமிழ் யாது என்று வினவினால், மாணவர் மட்டுமன்று, ஆசிரியருள்ளும் பலர் 'ரத்து செய்தல்' என்று கூறிவிடுகின்றனர். அவ்விடை முழுதும் பிழையன்று. ஆயினும் நிறைவுடையதும் அன்று. இச்சொல்லின் பொருளை நம் நாட்டு வரலாற்றைக் கொண்டே ஈண்டு ஆராய்வோம்.

அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் உள்ளது. வலிமையுடையது என்னும் பொருள்படும் 'வாலிடஸ்' என்பதே அதன் மூலம். விலைமதிப்பைக் குறிக்கும் 'வேல்யூ' என்பதும் அக்குடும்பத்ததே. எனவே ஆங்கிலேயன் கருத்துப்படி, ஒரு பத்திரமோ பணமோ தன் வலிமையை இழக்குமாறு செய்வதே இன்வாலிடேட் செய்வதாகும்.

தமிழர் வேறுவகையாக எண்ணினர். கைக்குக் கை செல்லும் காசே காசு. ஆதலின் 'செல்லும்', 'செல்லாது' என்றனர். செலவு, செலாவணி, செல்லுபடி ஆகிய சொற்களிலும் இச்செல்லுதலே நிற்கின்றது. எங்கும் செல்லும் வாக்குடையவனைச் செல்வாக்குடையவன் என்கின்றோம். அவர்கள் வலிமையை நோக்கினர். நாம் இயக்கத்தை நோக்கினோம்.

ரத்து என்பதோ அரபு மூலமுடைய சொல். புறப்பட இருந்த ரயில் ரத்தாகலாம். கூட இருந்த கூட்டம் ரத்தாகலாம். ஆனால் பிழையாகக் குறியிட்ட வாக்குச்சீட்டு ரத்தாவதில்லை. அது செல்லா வாக்காகிறது. அவ்வாறே, வெளியிடுவதை நிறுத்துவதும் செல்லாததாக்குவதும் ஒன்றல்ல. சிங்கப்பூர் பத்தாயிரம் வெள்ளி நோட்டை வெளியிடுவது 2014ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது; எனினும் முன்னரே வெளிவந்த நோட்டுகள் செல்லும் என்றே அறிவிக்கப்பட்டது.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1942ஆம் ஆண்டில் மலாயாவைக் கைப்பற்றிய ஜப்பானியர் தம் நோட்டுகளைப் புழக்கத்தில் விட்டனர். பத்து வெள்ளித் தாளில் வாழைமரம் இருந்தமையால் மக்கள் அதனை வாழைமர நோட்டு என்றனர். தொடக்கத்தில் வரிசை எண்ணோடு வந்த தாள்கள் பின்னர் எண்ணின்றியே வரலாயின. தேவைப்படும் போதெல்லாம் அச்சிட்டனர். விலைவாசி வானை எட்டியது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் மீண்டு வந்ததும், அந்த நோட்டு செல்லாது என்று அறிவித்தனர். மாற்றிக் கொடுக்கவும் இல்லை. சயாம் மரண ரயில் பாதையில் உழைத்து மீண்ட தோட்டத் தமிழன் கையில் கூலியென எஞ்சியதும் அத்தாளே.

எம் பாட்டனாரின் தகரப் பெட்டியில் அத்தகைய ஒரு கட்டு நெடுநாள் கிடந்தது. அது பற்றிக் கேட்டால் அவர், "செல்லாமப் போச்சுப்பா" என்பார், அவ்வளவே. அச்சொல்லை ஆசிரியனான பின்னரே யான் ஊன்றி நோக்கினேன். 'செல்லாமல் போயிற்று' என்பதில் செய்தவன் இல்லை. மழை பெய்தது, மரம் சாய்ந்தது என்பது போலத் தானே நிகழ்ந்ததாக அது ஒலிக்கிறது. ஆங்கில வினையோ செயப்படுபொருள் குன்றாதது. செய்தவன் யார் என்று கேட்கிறது. வரலாறு எழுதுவோனும் அவ்வாறே கேட்டல் வேண்டும். நோட்டின் மதிப்பை அளவின்றி அச்சிட்டுக் கெடுத்தவர் ஜப்பானியர். செல்லாதென ஆணையிட்டவர் பிரிட்டிஷார். இழப்பைச் சுமந்தவரோ இவ்விருவரும் அல்லர்.

மற்றொன்றும் நோக்கத் தக்கது. நோட்டு செல்லாதாயின், அதனால் அடைத்த கடனும் அடைபடாத கடன்தானா? இவ்வினா நீதிமன்றங்கள் வரை சென்றது. மலாயாக் கூட்டரசில் 1948ஆம் ஆண்டு இதற்கெனவே சட்டம் இயற்றப்பட்டது. ஜப்பானியர் காலத்தில் அடைத்த கடன் யாவும் செல்லாது என்று அது ஒரேயடியாகக் கூறவில்லை. அக்காலத்தில் பட்ட கடனுக்குக் காலத்துக்கேற்ப மதிப்பிடும் அட்டவணையும் வகுத்தது. பணம் செல்லாதாகலாம், அதைக்கொண்டு செய்த செயல் அனைத்தும் செல்லாதாகிவிடா.

இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதொரு நிலையும் உண்டு. 1967 ஜூன் மாதத்தில் மலேசியாவின் புதிய வெள்ளி வந்தபோது பழைய நோட்டும் உடன் செல்லுமென்றே இருந்தது. நவம்பரில் பிரிட்டிஷ் பவுனின் மதிப்பைக் குறைத்தனர். அதனோடு பிணைந்திருந்த பழைய வெள்ளி, புதிய காசில் 85 காசாகச் சுருங்கியது. வங்கியறியாது வீட்டில் சேமித்த ஏழையே மிகுதியும் இழந்தான். அதனை எதிர்த்துப் பினாங்கில் எழுந்த கடையடைப்பு கலவரமாகவும் மாறியது. அந்நோட்டு செல்லாததாகவில்லை, தேய்ந்தது. இந்நிலையைக் குறிக்க மதிப்பிறக்கம் என்னும் தனிச்சொல் வேண்டும்.

ஆகவே, ஆசிரிய அன்பர்களே, வகுப்பில் இச்சொற்களை வேறுபடுத்திக் காட்டுங்கள். நடவாது நிறுத்தினால் ரத்து. மதிப்பைக் குறைத்தால் மதிப்பிறக்கம். உள்ள ஆற்றலைப் பறித்தால் செல்லாததாக்கல். 'செல்லாது' என்று மாணவன் எழுதும்போது, செல்லாததாக்கியவர் யார், அதனால் இழந்தவர் யார் என்னும் இரு வினாக்களையும் உடன் எழுப்புங்கள். அவ்வளவில் இலக்கணப் பாடமே வரலாற்றுப் பாடமாகிவிடும்.